அரசிதழில் வராத தடைகள்

தூத்துக்குடியில் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்று காவல் துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அதிலும் அதையொட்டிய நிகழ்வுகளிலும் 13 பேர் உயிரிழந்தனர். மறுநாள் தமிழக அரசின் உள்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மே 27 வரை இணையச் சேவைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சமூக ஊடகங்கள் வழியாக வதந்தியும் தூண்டுதலும் பரவுகின்றன என்பது சொல்லப்பட்ட காரணம்.

எட்டயபுரம் இருப்பது தூத்துக்குடி மாவட்டத்தில். துப்பாக்கிச் சூடு நடந்த இடத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அந்தக் கரிசல் பேரூரும், அதையடுத்த கோவில்பட்டியும், ஓட்டப்பிடாரமும், விளாத்திகுளமும் ஒரே உத்தரவில் இருளில் ஆழ்ந்தன. பாரதி பிறந்த ஊருக்கும் வ.உ.சி. பிறந்த ஊருக்கும் ஒருசேரப் பேச்சு நின்றுபோன அந்த நாள்களில் அரசு கையில் எடுத்த ஆயுதம் 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எட்டயபுரத்தில் சுப்பையா என்ற குழந்தைக்கு மூன்று வயது நிறைந்திருக்கவில்லை. தந்தி என்ற சேவையையே 2013-இல் மூடிவிட்டோம். தந்திச் சட்டம் மட்டும் இணையத்தை அணைக்கும் கருவியாக உயிரோடு இருந்தது.

இணைய நிறுத்தம் என்பதை நகரத்து மாணவர்களின் பொழுதுபோக்கு தடைப்படுவதாக நினைப்போர் இன்றும் உண்டு. கோவில்பட்டிப் பகுதியில் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று மக்கள் அழைக்கும் ஆலைகளின் சரக்கு வடமாநிலங்களுக்குச் செல்வது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை மாநில எல்லை தாண்டி அனுப்ப மின்வழிச் சீட்டு கட்டாயம் என்ற விதி அதற்கு முந்தைய மாதம்தான், 2018 ஏப்ரல் முதல் தேதியன்று, நடைமுறைக்கு வந்திருந்தது. சீட்டைத் தயாரிப்பது பெரும்பாலும் இணையத்தில். ஆக, அரசின் ஒரு கை கட்டாயமாக்கிய வழியை அரசின் இன்னொரு கை அடைத்தது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை, தொலைக்காட்சியில் தன் மாவட்டம் எரிவதைப் பார்த்துவிட்டு வீட்டாருக்கு அனுப்பிய செய்தி போய்ச் சேராமல் நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பாக்கிச் சூட்டைக் கண்ணால் கண்டவர்கள் தாம் கண்டதை உலகுக்குச் சொல்லும் எளிய வழி அவர்கள் ஊரிலேயே மூடப்பட்டது. அரசு தரப்பில் சொல்லப்படும் விவரத்தை ஒப்பிட்டுப் பார்க்க மக்களிடம் வேறு விவரம் இல்லாமற்போவது இத்தகைய நிறுத்தத்தின் நேரடி விளைவு. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப் பேரவையில் வைக்கப்பட்டபோது, காவல் துறையின் செயல் வரம்பு மீறியது என்ற முடிவு அதில் இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அச்சில் வந்த அந்தச் செய்தியைத்தான் அந்த ஐந்து நாள்களில் ஊர்மக்கள் சொல்ல முயன்றனர்.

2018-இல் நடைமுறையில் இருந்தவை 2017 ஆகஸ்டில் வெளியான தற்காலிகத் தொலைத்தொடர்பு நிறுத்த விதிகள். அவற்றின்படி மாநிலத்தில் உள்துறைச் செயலர் ஆணையிடலாம். தலைமைச் செயலர் தலைமையிலான மறுஆய்வுக் குழு ஐந்து வேலைநாள்களுக்குள் கூடி, ஆணை சட்டப்படியானதா என்று பார்க்க வேண்டும். நாள்காட்டியை எடுத்துக்கொள்வோம். ஆணை பிறந்தது புதன்கிழமை. 26, 27 ஆகிய இரு நாள்களும் சனியும் ஞாயிறும். ஐந்து வேலைநாள் கெடு முடிவதற்கு முன்பே ஆணையின் காலம் முடிந்துவிடுகிறது! குழு கூடி, 'இது தவறு' என்று தீர்மானித்தாலும் அணைந்து எரிந்த விளக்கைத்தான் அது ஆராய்ந்திருக்க முடியும். ஆணையிட்ட அதிகாரியும் அதை ஆராயும் அதிகாரிகளும் ஒரே கோட்டையில் அடுத்தடுத்த அறைகளில் அமர்ந்திருப்பவர்கள் என்பது தனிக்கதை.

எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் இருக்கிறது. 'கல்கி' முன்னின்று பொதுமக்களிடம் நிதி திரட்டி எழுப்பியது; 1947 அக்டோபரில் இராஜாஜி திறந்துவைத்தார். ஆண்டுதோறும் டிசம்பர் 11-இல் ஆட்சியில் இருப்பவர்களும் இல்லாதவர்களும் அங்கே மாலை அணிவிக்கின்றனர். அந்தக் கவிஞரின் எழுத்து வாழ்க்கையில் பெரும்பகுதி தணிக்கையோடு நடந்த போராட்டம் என்பது மாலை போடும் நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. அந்தப் போராட்டத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது இன்றைய நிலையை விளங்கிக்கொள்ள உதவும்.

1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழுக்குப் பாரதியே எழுதினார் என்றாலும் சட்டப்படியான பதிவு சீனிவாசன் என்பவர் பெயரில் இருந்தது. 1908 ஜூலை 7-இல் வ.உ.சி.க்குத் திருநெல்வேலி நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்த அதே ஆண்டில் 'இந்தியா' மீதும் ராஜ துரோக வழக்கு வந்தது. சீனிவாசனுக்கு ஐந்தாண்டுத் தண்டனை. பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். 1908 அக்டோபர் முதல் 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது. இன்றைய மொழியில் சொன்னால், உள்நாட்டில் முடக்கப்பட்ட தளம் ஒன்று வெளிநாட்டு வழங்கியிலிருந்து மீண்டும் இயங்கத் தொடங்கியது.

பிரிட்டிஷ் அரசால் புதுச்சேரி அச்சகத்துக்குப் பூட்டுப்போட முடியவில்லை. ஆகவே வழியை அடைத்தது. எல்லையில் சோதனை, அஞ்சலகத்தில் பறிமுதல், பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழையத் தடை என ஒவ்வொன்றாக வந்தன. வாசகர் இருக்கும் இடத்துக்கு இதழ் போகவில்லை; சந்தா வரவில்லை; 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. எழுதுபவரைத் தொடாமல் எழுத்து போகும் பாதையை அடைக்கும் இந்த உத்திதான் இன்று இணையச் சேவை நிறுவனங்களுக்கு அனுப்பப்படும் முடக்க ஆணைகளின் உத்தியும்.

அதே 1910-இல் வந்தது இந்தியப் பத்திரிகைச் சட்டம். புதிதாக அச்சகம் தொடங்குபவரிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை பிணைத்தொகை வாங்கலாம். அச்சிட்டது ஆட்சேபத்துக்குரியது என்று அரசு கருதினால் தொகை பறிபோகும். அச்சகத்தாரே அரசுக்கு அஞ்சி எழுத்தாளரைத் தணிக்கை செய்வார் என்பது அதன் கணக்கு. நூறாண்டு கழித்துச் சமூக ஊடக நிறுவனங்களிடம் 'நீங்கள் நீக்காவிட்டால் உங்களுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு போய்விடும்' என்று சொல்லப்படுவதிலும் அதே கணக்கு இருக்கிறது. 1911-இல் பாரதியின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய இரண்டும் தடை செய்யப்பட்டன. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறியபோது கடலூர் அருகே கைதானார். விடுதலைக்கு அரசு விதித்த நிபந்தனைகளில், எழுதுவதை வெளியிடும் முன் குற்றப் புலனாய்வுத் துறையின் உயரதிகாரியிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்பதும் ஒன்று. கவிதையைக் காவல் அதிகாரி படித்துப் பார்த்து முத்திரை வைப்பது!

அவர் மறைந்து ஏழு ஆண்டுகளான பிறகும் அரசுக்கு அச்சம் தீரவில்லை. 1928-இல், அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்த பர்மாவின் அரசு அவருடைய தேசியப் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. அதைக் கொண்டு சென்னையிலும் காவல் துறை சோதனை நடத்தி நூல்களை அள்ளிச் சென்றது. சென்னை சட்ட மேலவையில் சத்தியமூர்த்தி ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு எழுந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த விவாதம் அவைக் குறிப்புகளில் அச்சாகி இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1928-இல் சத்தியமூர்த்தியால் எப்படிக் கேள்வி எழுப்ப முடிந்தது? தடை வெளிப்படையாக இருந்ததனால்! நூல் பறிமுதலுக்கு வழிசெய்த அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99-ஏ பிரிவு, அரசு தன் கருத்துக்கான காரணங்களைக் குறிப்பிட்டு அரசிதழில் அறிவிக்க வேண்டும் என்றது. 99-பி பிரிவு, இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம் என்றது. அந்நிய ஆட்சி நியாயமானது என்று சொல்ல வரவில்லை. அடக்குமுறைக்காகவே எழுதப்பட்ட சட்டம் அது. அன்னி பெசன்ட் 1916-இல் 'நியூ இந்தியா'வின் பிணைத்தொகை பறிக்கப்பட்டதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் சென்று தோற்றார். ஆனால் எது தடை செய்யப்பட்டது, யார் தடை செய்தது, என்ன காரணம் என்ற மூன்றும் ஊருக்குத் தெரிந்திருந்தன. தோற்றாலும், எதை எதிர்த்துத் தோற்றோம் என்று தெரிந்து தோற்க முடிந்தது.

இப்போது இன்றைய சட்டத்துக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவு 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக இணையத்தில் உள்ள எதையும் பொதுமக்கள் பார்வையிலிருந்து முடக்க மத்திய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. ஆணையை நிறைவேற்றாத நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு ஏழாண்டு வரை சிறை. உடன் வந்த 2009-ஆம் ஆண்டு விதிகளில், இணைச் செயலர் நிலை அதிகாரிகள் கொண்ட குழு, 48 மணி நேர முன்னறிவிப்பு, விளக்கம் சொல்ல வாய்ப்பு ஆகியவை எழுதப்பட்டுள்ளன. தாளில் படித்தால் மோசமில்லை. ஆனால் 9-ஆவது விதி, அவசரம் என்று கருதினால் முதலில் முடக்கிவிட்டுப் பிறகு 48 மணி நேரத்துக்குள் குழுவிடம் கொண்டுபோகலாம் என்கிறது. 16-ஆவது விதி, வந்த கோரிக்கைகளும் எடுத்த நடவடிக்கைகளும் கண்டிப்பாக இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது.

இந்தப் பதினாறாவது விதியில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. முடக்கப்பட்ட இணைய முகவரிகளின் எண்ணிக்கை நாடாளுமன்றத்தில் கேட்கும்போது கிடைக்கிறது: 2014-இல் 471, 2020-இல் 9,849. இவற்றுள் பயங்கரவாதப் பரப்புரை எத்தனை, அமைச்சரைக் கேலி செய்த சித்திரம் எத்தனை, விவசாயிகள் போராட்டச் செய்தி எத்தனை என்று எந்தக் குடிமகனும் எண்ணிப் பார்க்க முடியாது. எண்ணிக்கை தெரியும், பட்டியல் தெரியாது.

'ஆனந்த விகடன்' குழுமத்தின் இணையதளத்துக்கு 2025 பிப்ரவரியில் நேர்ந்தது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதம் 5-ஆம் தேதி அமெரிக்கா, உரிய ஆவணங்கள் இல்லாத இந்தியர்களை விலங்கிட்டு இராணுவ விமானத்தில் அமிருதசரஸுக்கு அனுப்பியது. அதையொட்டி, அமெரிக்க அதிபர் டிரம்ப் அருகே பிரதமர் மோடி சங்கிலியால் பிணைக்கப்பட்டு அமர்ந்திருப்பது போன்ற சித்திரம் 'விகடன் பிளஸ்' மின்னிதழில் வந்தது. தமிழக பாஜக தலைவராக இருந்த அண்ணாமலை புகார் அளித்தார். பிப்ரவரி 15 மாலை முதல் பலருக்கு அந்தத் தளமே திறக்கவில்லை. ஒரு சித்திரம் இருந்த பக்கம் மட்டுமன்று. 1926 முதல் வரும் இதழ் ஒன்றின் தளம் முழுவதும்! முடக்கத்துக்கு முன் தங்களுக்கு அறிவிப்பு ஏதும் வரவில்லை என்று நிறுவனம் தெரிவித்தது. விளக்கம் கேட்கும் கடிதம் அதன் பிறகுதான் வந்தது. தண்டனை முதலில், விசாரணை பின்னர்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. வெளிநாட்டு நட்புறவு பாதிக்கப்படும் என்பது மத்திய அரசின் வாதங்களில் ஒன்று. மார்ச் 6-ஆம் தேதி நீதிபதி டி.பரத சக்கரவர்த்தி இடைக்கால உத்தரவு பிறப்பித்தார்: அந்தச் சித்திரம் உள்ள பக்கத்தை இப்போதைக்கு விகடன் நீக்கிவைக்க வேண்டும்; தளத்தின் மீதான முடக்கத்தை அரசு விலக்க வேண்டும். ஆக, ஏறத்தாழ மூன்று வாரம் தளம் இருளில் இருந்தது. சித்திரம் சட்டத்துக்கு உட்பட்டதா இல்லையா என்ற மூலக் கேள்விக்கு அது இடைக்காலமாகவேனும் நீக்கப்பட்ட பின்னர்தான் விசாரணை. விகடனுக்கு வழக்குரைஞர் வைக்க வசதி இருந்தது. வாசகர் திரளும் இருந்தது. அரசியல் கட்சிகள் கண்டன அறிக்கை வெளியிட்டன. கோவில்பட்டியில் ஓர் அறையில் அமர்ந்து நீர்நிலை ஆக்கிரமிப்பைப் பற்றிக் காணொலி வெளியிடும் தனியாளுக்கு இவற்றில் எதுவும் கிடையாது. அவருடைய பக்கம் மறைந்தால் தொழில்நுட்பக் கோளாறா, அரசாணையா என்பதே அவருக்குத் தெரிய வராது. முன்னறிவிப்பைத் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு அனுப்பினாலே போதும் என்று விதியைப் படிப்பவர்கள் அரசில் இருக்கின்றனர். அந்த நிறுவனமோ இரகசிய விதியைக் காட்டி வாயை மூடிக்கொள்கிறது.

2015 மார்ச் 24-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66-ஏ பிரிவை அடியோடு நீக்கியது. எரிச்சலூட்டும் பதிவுக்கு மூன்றாண்டுச் சிறை என்ற அந்தப் பிரிவில் 2012 அக்டோபரில் ஒருவர் கைதானது, வேறெங்குமன்று, பாரதி அடைக்கலம் புகுந்த புதுச்சேரியில்தான். அன்றைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதினார் என்பது குற்றம். அதே தீர்ப்பில் 69-ஏ பிரிவை நீதிமன்றம் செல்லும் என்றது. ஏன்? காரணம் எழுத்தில் பதிவாகிறது. பாதிக்கப்பட்டவர் அதை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட முக்கியமான நியாயம். ஆணையின் நகல் பாதிக்கப்பட்டவர் கைக்கு வராதபோது அந்த நியாயம் எதன் மேல் நிற்கிறது?

இந்த வழியே தாமதம் என்று கருதியோ என்னவோ, 79-ஆவது பிரிவின் உட்பிரிவு ஒன்றைக் கொண்டு 'சஹயோக்' என்ற தளத்தின் வழியாக அதிகாரிகள் நேரடியாக நிறுவனங்களுக்கு நீக்கக் கோரிக்கை அனுப்பும் ஏற்பாடு 2024-இல் வந்தது. அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. 69-ஏ பிரிவில் இருந்த குழுவும் முன்னறிவிப்பும்கூட இந்தப் புதிய வழியில் இல்லை.

அரசு சொல்லும் நியாயத்தையும் பார்க்க வேண்டும். தூத்துக்குடி நிகழ்வுக்கு இரு வாரங்களுக்கு முன், திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தை கடத்த வந்தவர் என்ற வாட்ஸ்ஆப் வதந்தியால் முதிய பெண்மணி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். வதந்தி உயிரைக் குடிக்கும் என்பது கற்பனை அச்சமன்று. அத்தகைய ஒரு செய்தியை உடனடியாக நீக்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் வேண்டும். ஆனால் அந்தக் கொலைக்குப் பிறகு அங்கே தேவைப்பட்டது நம்பகமான மறுப்பு விரைவாக மக்களைச் சென்றடைவது. இணையத்தை அணைத்தால் மறுப்பும் சேர்ந்தே அணைகிறது. வதந்திக்கு வாய்மொழி போதும். மறுப்புக்குத்தான் ஊடகம் வேண்டும். மேலும், பொய்ச் செய்தியைத் தடுத்ததாகச் சொல்லும் அரசு எந்தச் செய்தியைத் தடுத்தது என்று பின்னராவது சொன்னால்தானே அது பொய்யா மெய்யா என்று நாம் அறிய முடியும்?

இதில் தில்லிக்கும் சென்னைக்கும், இந்தக் கட்சிக்கும் அந்தக் கட்சிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1987-இல் அட்டைப்படத்தில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது தமிழக சட்டப் பேரவை. எதிர்ப்பு எழவே சில நாள்களில் விடுவித்தது. 2017 நவம்பரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததைப் பற்றிச் சித்திரம் வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலாவை நெல்லைக் காவல் துறை சென்னைக்கு வந்து கைது செய்தது. தீக்குளித்த குடும்பத்தின் மனுக்கள் மேல் அந்த வேகம் இருந்திருக்கலாம். இலங்கையிலும் 2007-இல் 'தமிழ்நெட்' தளத்தை முடக்கிய ஆட்சிமுறையின் வாரிசுகள்தாம் 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடியை எதிர்த்துச் சிங்கள இளைஞர்கள் திரண்டபோது சமூக ஊடகங்களை நிறுத்தினர். தமிழரை நோக்கித் திருப்பிய விசை மறுமுறை யாரை நோக்கித் திரும்பியது என்பதைக் கொழும்பின் இளைஞர்கள் அன்று கண்டனர். இணைய நிறுத்தங்களைக் கணக்கெடுக்கும் 'ஆக்சஸ் நவ்' அமைப்பின் பட்டியலில் 2018 முதல் 2023 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் இந்தியாவுக்கு. 2024-இல் இராணுவ ஆட்சி நடக்கும் மியான்மர் 85 நிறுத்தங்களுடன் நம்மை ஒன்றால் முந்தியது.

முன்னேற்றமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. காஷ்மீர் இணைய நிறுத்தம் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10-இல் உச்ச நீதிமன்றம், நிறுத்த ஆணைகளை வெளியிட்டே ஆக வேண்டும், காலவரையற்ற நிறுத்தம் கூடாது என்றது. அதே ஆண்டு ஒரு நிறுத்தம் 15 நாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று விதி திருத்தப்பட்டது. 2024 நவம்பரில் வந்த புதிய விதிகளில் ஆணையைக் காரணத்துடன் வெளியிடும் கடமை இடம்பெற்றது. நாளை தூத்துக்குடி மாவட்டத்தில் இணையம் நின்றால், அந்த ஆணையை எட்டயபுரத்துக் குடிமகன் கேட்டுப் பெற முடியும். ஒரு மாவட்டத்தின் இணையத்தையே நிறுத்தும் ஆணையை வெளியிடலாம் என்றால், ஒரு பக்கத்தை முடக்கும் ஆணையை மட்டும் இரகசியமாக வைப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

இன்னும் விந்தையானது அச்சு நூலின் நிலை. 1928-இல் பாரதி நூல்களைப் பறிக்கப் பயன்பட்ட 99-ஏ பிரிவின் வழித்தோன்றல், இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையில் 98-ஆவது பிரிவாக இருக்கிறது. இன்று ஒரு நூலைத் தடை செய்ய விரும்பும் மாநில அரசு காரணங்களைக் குறிப்பிட்டு அறிவிக்கை வெளியிட வேண்டும். இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர்வு முன் முறையிடலாம். அதே நூலின் அதே வரிகள் ஓர் இணையப் பக்கத்தில் இருந்தால், 69-ஏ பிரிவின் கீழ் அவை காரணம் தெரியாமல் மறையலாம். பாரதியின் பாடலைத் தாளில் அச்சிட்டவருக்கு இருக்கும் பாதுகாப்பு அதைத் திரையில் இட்டவருக்கு இல்லை.

செய்ய வேண்டியவை அரிதானவையல்ல. எழுதியவரை அடையாளம் காண முடிந்தால் அவருக்கே அறிவிப்பும் ஆணையின் நகலும் போக வேண்டும். ஆட்சேபத்துக்குரியது ஒரு பக்கம் என்றால் அந்தப் பக்கத்தோடு நிற்க வேண்டும். முடக்கப்பட்ட முகவரிகளின் பட்டியலும் காரணமும் குறித்த காலத்துக்குப் பின்னராவது வெளியாக வேண்டும். உண்மையிலேயே நாட்டின் பாதுகாப்பைச் சேர்ந்தவற்றுக்கு நீதிமன்றத்தின் ஒப்புதலோடு விலக்கு வைத்துக்கொள்ளலாம். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றும் தேவைகூட இல்லை. 16-ஆவது விதி சட்டத்தில் இருப்பதன்று. அரசு தானே வகுத்துக்கொண்டது. அதை நீக்க அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும்.